விமானம் நின்னு போனதுக்கு நம்ம காடா காரணம்?



காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி. இந்த நாலு ஊர்ப் பேரும் 2018-ஆம் வருஷத்திலிருந்து பேப்பரில் திரும்பத் திரும்ப வருகிறது. நம்ம மஞ்சளுக்கு விலை கிடைச்சதுன்னோ, கிணத்தில் தண்ணி ஊறிச்சுன்னோ வரவில்லை. சேலம் விமான நிலையத்தை விரிவாக்கம் செய்ய நம்மிடம் சுமார் 570 ஏக்கர் நிலம் எடுக்கணும் என்றுதான் வருகிறது.

அப்போது அளவெடுக்க வந்தார்கள். நாம் நின்று கேட்டோம். பொம்பளைங்க காட்டில் உட்கார்ந்து அழுதாங்க. போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள். ஆனால் "விரிவாக்கம்" என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. எலெக்‌ஷன் வந்தால் ஒரு தடவை, தொழிலதிபர்கள் மனு கொடுத்தால் ஒரு தடவை, புதுசா ஒரு விமானம் வந்தால் ஒரு தடவை என்று கிளம்பி வருகிறது.

ஒவ்வொரு தடவையும் சொல்லும் காரணம் ஒன்றுதான். "ஓடுதளம் சின்னது. அதனாலதான் விமானம் நிலைக்க மாட்டேங்குது. நிலம் கொடுத்தா நீளமாக்கிடுவோம், விமானம் வந்து குவியும்." இதையே பத்து தடவை கேட்டு, நம்ம ஆட்களில் சிலரே "அப்படித்தான் இருக்குமோ" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் இந்த நோட்டீஸ். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முப்பது வருஷத்துக் கணக்கு

நம்ம ஊர் ஏர்போர்ட்டைத் திறந்தது 1993-இல். அதற்கும் நிலம் கொடுத்தது இந்தச் சுத்துப்பட்டு ஜனங்கதான். என்.இ.பி.சி. என்ற கம்பெனியின் விமானம் கொஞ்ச காலம் வந்து போனது. அப்புறம் நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம் பயணிகள் விமானம் எதுவும் கிடையாது.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள். இரண்டு வருஷம் போல ஓடியது. கம்பெனிக்கே பணமுடை. சேலத்தை விட்டார்கள். 2012-இல் அந்தக் கம்பெனியே மொத்தமாகப் படுத்துவிட்டது.

2018 மார்ச் 25. சேலத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்த நேரம். மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. உடான் மானியம் மூணு வருஷம். 2021-இல் விமானம் நின்றது. 2022-இல் அந்தக் கம்பெனியும் பறக்கிறதை நிறுத்திவிட்டது.

2023 அக்டோபரில் நாலாவது தடவை. மறுபடியும் உடான். அலையன்ஸ் ஏர் பெங்களூருவுக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் விட்டார்கள்.

இந்த நாலு தடவையில் ஒரு தடவையாவது, "பக்கத்துத் தோட்டத்துக்காரன் நிலம் தரல, அதனால நிறுத்துறோம்" என்று எந்தக் கம்பெனியாவது சொன்னதா? கிங்ஃபிஷர் கடனில் போனது. ட்ரூஜெட்டும் பணமில்லாமல்தான் போனது. ஆள் ஏறவே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. சீட் நிரம்பிப் போன நாளும் உண்டு. கம்பெனி விழுந்தால் நிரம்பின விமானமும் நின்றுதான் போகும். அந்தப் பழியை நம்ம தலையில் கட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நாம் வாயைத் திறக்கணும்.

ஓடுதளம் சின்னதா? தூத்துக்குடியைப் பாருங்க

சேலம் ஓடுதளம் 6000 அடி. மீட்டர் கணக்கில் 1800-க்குக் கொஞ்சம் மேலே. கிங்ஃபிஷர், ட்ரூஜெட், அலையன்ஸ் ஏர், இண்டிகோ எல்லாரும் இங்கே ஓட்டியது ஏ.டி.ஆர். என்ற விசிறி வைத்த விமானம். எழுபது பேர் போல உட்காரலாம். அது இந்த 6000 அடியில் தாராளமாக இறங்கும், ஏறும்.

இப்போ தூத்துக்குடிக்கு வாங்க. வாகைக்குளத்தில் இருக்கிற ஏர்போர்ட்டின் பழைய ஓடுதளம் 1350 மீட்டர்தான். நம்மதில் முக்கால் பங்கு. அந்தச் சின்ன ஓடுதளத்தை வைத்துக்கொண்டே சென்னைக்கு ஒரு நாளைக்குப் பல நடை விமானம் வருஷக்கணக்கில் ஓடியது. பெங்களூருவுக்கும் ஓடியது. அதற்கப்புறம்தான் ஓடுதளத்தை 3000 மீட்டருக்கு மேலே நீட்டினார்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். முதலில் விமானம் நிலைத்தது, ஆள் ஏறியது, அப்புறம் நீளம் கூடியது. நமக்கு மட்டும் தலைகீழா? முதலில் நிலம், பிறகு விமானம், அதுவும் "வரும்" என்ற வாய்வார்த்தையா?

தூத்துக்குடியில் நிலைத்தது சேலத்தில் ஏன் நிலைக்கவில்லை? அதிகாரிகள் சொல்ல மாட்டார்கள், நானே சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் ராத்திரி முழுக்கப் போகணும். அவசரக்காரனுக்கு விமானத்தை விட்டால் வழியில்லை. சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரம். ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால் விடியக்காலம் சென்னை. விமானம் என்றால் வீட்டிலிருந்து காமலாபுரம் போகணும், ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய் உட்காரணும், மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போகணும். கூட்டிப் பார்த்தால் மிச்சமாகிற நேரம் கொஞ்சம்தான். இது ஊர் அமைந்த இடத்தின் கணக்கு. ஓடுதளத்தை இன்னும் 2000 அடி நீட்டினாலும் சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கிற தூரம் ஒரு அடி கூடாது.

சுத்தியும் பெரிய கடை

சந்தையில் நாலு பெரிய கடைக்கு நடுவே ஒரு பொட்டிக்கடை வைத்தால் என்ன ஆகும்? அதுதான் நம்ம ஏர்போர்ட் நிலைமை.

மேற்கே கோயம்புத்தூர். சேலத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். ஏர்போர்ட் இருக்கிறது பீளமேட்டில், அவினாசி ரோட்டின் மேலேயே. அதாவது நம்ம பக்கம். கோயம்புத்தூர் டவுனுக்குள் நுழையவே வேண்டாம். டெல்லி, மும்பைக்கு நேராகப் போகலாம். சிங்கப்பூர், சார்ஜாவுக்கும் அங்கிருந்தே போகிறார்கள்.

தெற்கே திருச்சி. சுமார் 140 கிலோமீட்டர். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா என்று வெளிநாட்டுக்குப் போகிற நம்ம பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் ஏறுகிறார்கள். என் மருமகன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கிறார். அவரை வழியனுப்ப நாமக்கல் வழியாக வேன் பிடித்துத் திருச்சிக்குத்தான் போகிறோம். காமலாபுரம் ஏர்போர்ட்டின் கம்பிவேலி எங்க காட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அவருக்கு அது வேலிதான்.

வடக்கே பெங்களூரு. 2008-இல் தேவனஹள்ளியில் 4000 ஏக்கரில் திறந்த ஏர்போர்ட். 2024-25-இல் அங்கே வந்து போன பயணிகள் 4 கோடிக்கும் மேலே. 2019-இல் இரண்டாவது ஓடுதளமும் போட்டுவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்க தெற்கே திரும்பிச் சேலத்துக்கு வருவாங்களா, நேரா வடக்கே போவாங்களா? நீங்களே சொல்லுங்க.

கிழக்கே சென்னை. சொல்லவே வேண்டாம்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோயம்புத்தூரே புலம்புகிறது! அவ்வளவு மில், அவ்வளவு பம்ப்செட் கம்பெனி, அவ்வளவு ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அந்த ஊர்த் தொழில் அமைப்புகள், "எங்க ஆளுங்க எல்லாம் கொச்சிக்குப் போய் விமானம் ஏறுறாங்க, எங்களுக்கு வெளிநாட்டு விமானம் கொடுங்க" என்று வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டு இருக்கின்றன. கொச்சிக்காரன் 1999-இல் நெடும்பாசேரியில் ஏர்போர்ட் திறந்து வளைகுடாப் பயணிகளை எல்லாம் அங்கே இழுத்துவிட்டான். பெரிய அண்ணன் கோயம்புத்தூரே இன்னும் பெரிய அண்ணன் கொச்சியிடம் ஆளைப் பறிகொடுக்கும்போது, 570 ஏக்கரைக் கொடுத்தால் சேலம் நிமிர்ந்துவிடும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

விமானக் கம்பெனிக்காரனிடம் இருப்பது எண்ணிக்கைக்கு உட்பட்ட விமானம். எந்த வழியில் காசு அதிகமோ அந்த வழியில் விடுவான். நம்ம ஊர் லாரி ஓனரும் அப்படித்தானே? ரிட்டர்ன் லோடு கிடைக்கிற ஊருக்குத்தான் வண்டியை அனுப்புவார். அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனால் அவன் வருவான் என்று நம்பி நம்ம கிணத்தை மூட முடியாது.

மானியம் இருக்கிற வரைக்கும்தான்

உடான் என்றால் என்ன? 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். பாதி சீட்டை விலை கட்டுப்படுத்தி விற்கணும். ஆரம்பத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் என்றார்கள். அதில் கம்பெனிக்கு வரும் நஷ்டத்தை மூணு வருஷம் அரசு ஈடுகட்டும். அந்தப் பணம் எங்கிருந்து? பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கிற விமானங்கள் மேல் போட்ட வரியிலிருந்து. மாநில அரசும் 20 சதவீதம் கொடுக்கணும். விமான எரிபொருளுக்கு மாநில வரி ஒரு சதவீதம்தான். போலீஸ் பாதுகாப்பும் தீயணைப்பும் மாநில அரசு இலவசமாகத் தரணும்.

சரி, இவ்வளவு கொடுத்தும் நாடு முழுக்க என்ன ஆச்சு? நான் சொன்னால் "சங்கத்துக்காரன் அப்படித்தான் பேசுவான்" என்பார்கள். மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அதிகாரி, சி.ஏ.ஜி., 2023-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையே சொல்கிறது. உடான் மூணாம் சுற்று வரைக்கும் ஒதுக்கிய வழித்தடம் 774. அதில் 403 தடத்தில் விமானம் ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பித்தது 371. மூணு வருஷம் முழுசா ஓடியது 112. மானியக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தது வெறும் 54!

774-க்கு 54. நூறு விதை போட்டு ஏழு முளைத்த கணக்கு. நூறுக்கு ஏழு முளைக்கிற விதையை எந்தக் கடைக்காரனாவது விற்றால் நாம் சும்மா விடுவோமா? விதை ஆய்வாளரைக் கூப்பிட்டு வழக்குப் போட மாட்டோமா? இங்கே அந்த விதையை நம்பி நிலத்தையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வேலூரும் நெய்வேலியும் இதே உடான் பட்டியலில் இருந்த ஊர்கள்தான். பணத்தைச் செலவழித்து நிலையத்தைச் சரி பண்ணியும், வருஷக்கணக்கில் அங்கே பயணிகள் விமானம் வரவில்லை. புதுச்சேரியில் 2024 மார்ச்சில் விமானம் நின்று, அந்த வருஷம் டிசம்பரில்தான் மறுபடி வந்தது. அங்கேயும் 150 கிலோமீட்டரில் சென்னை என்ற பெரிய கடை. பக்கத்தில் பெரிய ஏர்போர்ட் இருக்கிற சின்ன ஊருக்கெல்லாம் ஒரே ஜாதகம்தான்.

அவங்களுக்கு எழுத்தில், நமக்கு வாயில்

பெரிய முதலாளி எப்படிப் பாதுகாப்பு வாங்குகிறான் என்று பாருங்கள். பெங்களூரு ஏர்போர்ட் கட்டும்போது, 2004-இல் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஒரு ஷரத்து. திறந்த நாளிலிருந்து 25 வருஷத்துக்கு, 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டியாக இன்னொரு சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. திறந்தது 2008. ஆக 2033 வரைக்கும் அவனுக்குப் போட்டி கிடையாது என்று எழுத்திலேயே வாங்கிவிட்டான். ஓசூரில் ஏர்போர்ட் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் குறுக்கே நின்றது இந்த ஷரத்துதான்.

4000 ஏக்கரும் கோடி கோடியாகப் பணமும் வைத்திருக்கிறவனுக்கே போட்டியை நினைத்துப் பயம். எழுதிக் கொடுத்தால்தான் நம்புகிறான். ரெண்டு ஏக்கர்க்காரன் மட்டும் "கண்டிப்பா வருங்க, வேலை கிடைக்குங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பணுமாம்!

இதோடு முடியவில்லை. 2024 ஜூனில் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்துபோகிற மாதிரி சர்வதேச விமான நிலையம். அங்கேயும் விவசாயிகள் நிலத்தை நினைத்துக் கலங்கித்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் துணை. ஆனால் இங்கே ஒரு கேள்வி. ஓசூரில் அப்படி ஒன்று வந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பயணி ஒருத்தராவது சேலத்துக்கு வருவாரா? ஒரு கையால் சேலத்தை விரிவாக்க நிலம் கேட்பது, மறுகையால் சேலத்துக்குப் போட்டியை அறிவிப்பது. அரசாங்கத்தின் ஒரு கை செய்வது மறுகைக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்கிறார்களா?

"வளர்ச்சிக்குக் குறுக்கே நிக்காதீங்க" என்கிறவங்களுக்கு

நமக்கு விமானத்து மேலே பகை கிடையாது. நம்ம பிள்ளைகளும் ஐ.டி. படிக்கிறாங்க, வெளிநாடு போறாங்க. கொலுசுப் பட்டறைக்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் ஒரு அவசரத்துக்கு விமானம் இருந்தால் நல்லதுதான். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நாம் சொல்வது இதுதான்: இருக்கிற 6000 அடியில் முதலில் ஓட்டிக் காட்டுங்கள்.

"பெரிய ஜெட் விமானம் இறங்கினா டிக்கெட் விலை குறையும், ஆள் தானா வரும்" என்று ஒரு வாதம். ஜெட்டில் 180 சீட். 180 பேர் தினமும் சேலத்தில் ஏறணும், 180 பேர் இறங்கணும். எழுபது சீட் விமானத்தையே மானியத்தில் ஓட்டுகிற இடத்தில் அந்த 180 பேர் எங்கிருந்து வருவாங்க? கோயம்புத்தூரை விட்டு, திருச்சியை விட்டு ஏன் வருவாங்க? இதற்குக் கணக்கு இருந்தால் காட்டுங்கள். கிராம சபையில் வந்து வையுங்கள், உட்கார்ந்து கேட்கிறோம். கேப்பையில் நெய் வடியுதுன்னு சொன்னா கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு?

"வேலை கிடைக்கும்" என்பது அடுத்த வாதம். 1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுத்தவர்களும் நம்மைப் போன்ற ஜனங்கதான். வேலை கிடைத்த குடும்பமும் உண்டு, கிடைக்காமல் கூலிக்குப் போன குடும்பமும் உண்டு. 2019-இல் அந்த ஆலையையே தனியாருக்கு விற்க விலை கேட்டு விளம்பரம் கொடுத்தது மத்திய அரசு. தொழிலாளர்கள் ரோட்டுக்கு வந்து போராட வேண்டியதாயிற்று. ஆலைக்கென்று கொடுத்த நிலத்துக்கே இந்தக் கதி. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு விமானம் வந்துபோகிற இடத்தில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? மூட்டை தூக்க, கூட்டிப் பெருக்க, வாசலில் நிற்க. அதுவும் கான்ட்ராக்டில்.

நிலம் போகிறதுக்கு முன்னாடியே போகிறது

எனக்கு இருப்பது ஒண்ணே முக்கால் ஏக்கர். என் அப்பா கடப்பாரையால் வெட்டின கிணறு. ஒரு ஏக்கருக்கு 70 தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம். அந்த ஐந்தாறு வருஷம் ஊடுபயிர் போட்டு, மாடு கறந்து, பூ பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். அதை நஷ்டஈடு என்று ஒரு தாளில் எழுதும்போது பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கிறார்கள். அந்த மதிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சென்ட் இடம் வாங்க முடியுமா?

எடுக்கிறதுக்கு முன்னாடியே சேதாரம் ஆரம்பித்துவிட்டது. "சர்வே நம்பர் லிஸ்டில் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடன் பேச்சை எடுக்காமலே அனுப்பிய வங்கி உண்டு. கிணறு ஆழப்படுத்தலாமா, சொட்டுநீர் போடலாமா, ஓட்டு வீட்டை மெத்தை வீடு ஆக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் எத்தனை வீடு நிற்கிறது! பொண்ணு கேட்டுப் போனால், "ஏர்போர்ட்டுக்குப் போகிற காடு தானே?" என்று கேட்கிறார்கள். கல்யாணம் தட்டிப்போன பையன்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறாங்க. இதையெல்லாம் எந்த நஷ்டஈட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

கோயம்புத்தூர் விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் எடுக்கிற வேலை 2010 வாக்கில் ஆரம்பித்து, பத்து வருஷத்துக்கு மேலே இழுத்தது. அத்தனை வருஷமும் அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் கிடந்தார்கள். நமக்கும் அந்தக் கதியைத்தான் காட்டுகிறார்கள். பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்து ஜனங்க 2022-லிருந்து கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு நின்றார்கள். அந்த ஊரைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நம்ம கோரிக்கைகள்

1. 1993-லிருந்து இன்றுவரை சேலத்தில் எந்தக் கம்பெனி, எத்தனை நாள், எத்தனை பயணிகளோடு ஓட்டியது, எவ்வளவு மானியம் வாங்கியது, ஏன் நிறுத்தியது என்ற முழுக் கணக்கையும் தமிழில் அச்சடித்து நாலு ஊராட்சியிலும் ஒட்டணும்.

2. இருக்கிற ஓடுதளத்திலேயே, மானியம் முடிந்த பிறகும், குறைந்தது மூணு வருஷம் விமானம் தொடர்ந்து ஓடிக் காட்டணும். அதுவரை நிலம் என்ற பேச்சே கூடாது.

3. பெரிய விமானம் விடுவோம் என்று எந்தக் கம்பெனி சொல்கிறதோ, அது எத்தனை வருஷம், எந்த ஊருக்கு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கணும். பெங்களூருக்காரன் கேட்டு வாங்கியதைத்தான் நாமும் கேட்கிறோம்.

4. கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூரு, வரப்போகிறது என்று சொல்லும் ஓசூர், இத்தனைக்கும் நடுவே சேலத்துக்கு எத்தனை பயணி மிஞ்சுவார் என்று ஆய்வு செய்து வெளியிடணும்.

5. எந்த நிலைமையிலும் 2013-ஆம் வருஷ நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படியே நடக்கணும். சமூகத் தாக்க ஆய்வும், ஊரில் பொது விசாரணையும் வேணும். மாநிலச் சட்டத்தைக் காட்டி அதைத் தாண்டிப் போகக்கூடாது. ஐந்து வருஷம் பயன்படுத்தாமல் கிடக்கிற நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழி அந்தச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. அது நமக்கும் பொருந்தும் என்றும், நிலம் கொடுத்தவருக்கே திரும்ப வரும் என்றும் எழுதிக் கொடுக்கணும்.

6. எடுப்பதா இல்லையா என்று அரசு தெளிவாகச் சொல்லணும். இல்லை என்றால், சர்வே நம்பர்களை விடுவித்து அரசாணை போடணும். இழுத்தடிப்பதே நிலத்தைப் பறிப்பதுதான்.

என்ன செய்யணும்?

தனித்தனியா எந்த அதிகாரி கூப்பிட்டாலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க. "சும்மா வந்து போனதுக்கு ஒரு கையெழுத்து" என்று சொன்னாலும் போடாதீங்க. சங்கத்துக்குச் சொல்லுங்க, நாலு பேராகப் போவோம்.

பட்டா, சிட்டா, அடங்கல் மூணையும் இந்த வருஷத் தேதியில் எடுத்து வையுங்க. தாத்தா பேரிலேயே கிடக்கிற பட்டாவை மாற்றிக்கொள்ளுங்க. கிணறு, போர், மரம், தொழுவம் எல்லாத்தையும் அடங்கலில் ஏற்றச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்க.

வருகிற கிராம சபையில் நாலு ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடணும். தீர்மான வாசகம் சங்கத்தில் தயாராக இருக்கிறது. பொம்பளைங்க கட்டாயம் வரணும். 2018-இல் அளவுக்கல்லுக்கு முன்னாடி நின்றது அவங்கதான். டவுனில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டு வாங்க.

கடைசியா ஒன்று. "அவன் காட்டுக்குத்தான் வருது, என் காடு ரெண்டு ஃபர்லாங் தள்ளி இருக்கு, எனக்கு விலை ஏறும்" என்று நினைக்கிற சிலர் நம்மிலேயே இருக்கிறார்கள். அண்ணா, தம்பி, கொஞ்சம் யோசியுங்க. இன்றைக்கு 6000 அடி போதாது என்பவன் நாளைக்கு 8000 அடியும் போதாது என்பான். அப்போது லிஸ்டில் உங்க சர்வே நம்பர் வரும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

விமானம் இன்றைக்கு வரும், நாளைக்கு நிற்கும், மூணு வருஷம் கழித்து வேற பேரில் மறுபடி வரும். முப்பது வருஷமா அதைத்தான் பார்த்தோம். நிலம் ஒரு தடவை போனால் திரும்பி வராது.

ஓட்டிக் காட்டு! கணக்கைக் காட்டு! அப்புறம் பேச வா!

விளைநிலத்தைக் காப்போம்! ஒன்றுபடுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
ஓமலூர் வட்டாரம்.